பேட்ஜுக்குத் தெரியாத விரல்கள்

பெட் ஸ்கேன் எடுக்கும் மருத்துவமனைகளில் முதல் நோயாளி உள்ளே வருவதற்கு வெகு முன்பே, கதிரியக்க மருந்தைப் பிரித்தெடுக்கும் அறையான ஹாட் லேபில் வேலை தொடங்கிவிடும். சைக்ளோட்ரானிலிருந்து ஈயப் பெட்டிக்குள் வந்திறங்கிய மருந்துக் குப்பியை, எல்-பென்ச் எனப்படும் ஈயக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, அன்றைய நோயாளிகள் ஒவ்வொருவருக்கும் வேண்டிய அளவை ஒரு டெக்னாலஜிஸ்ட் சிரிஞ்சில் உறிஞ்சி எடுக்கிறார். டோஸ் கேலிபிரேட்டரில் வைத்துப் பார்க்கிறார். கூடுதலாக இருந்தால் குப்பிக்கே திருப்பிவிடுகிறார். குறைந்தால் இன்னும் கொஞ்சம் எடுக்கிறார். கையிலிருப்பது ஃபுளோரின்-18 ஏற்றிய சர்க்கரைப் பொருளான எஃப்.டி.ஜி. ஏறக்குறைய 110 நிமிடத்தில் அதன் கதிரியக்கம் பாதியாகிவிடும். அதனால் அவருக்கு நிதானம் தேவைப்படும் இடத்தில்தான் அவசரமும் இருக்கிறது.

அவர் சட்டையில், நெஞ்சுக்கு நேராக, ஒரு டி.எல்.டி. பேட்ஜ் குத்தப்பட்டிருக்கும். காலாண்டு முடிந்ததும் அது ஆய்வகத்துக்குப் போகும். பின்னர் ஒரு தாளில் ஓர் எண் வரும். பெரும்பாலும் அந்த எண் சட்ட வரம்புக்கு வெகு கீழே இருக்கும், துறைத்தலைவர் கையெழுத்திடுவார், கோப்பில் சேரும். அந்த எண்ணில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அது நெஞ்சில் விழுந்த கதிர்வீச்சின் அளவு. சிரிஞ்சைப் பிடித்திருந்த விரல்களில் எவ்வளவு விழுந்தது என்பதை அந்தத் தாள் சொல்வதில்லை. அணு மருத்துவ ஊழியர்களின் பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது நாம் முதலில் கவனிக்க வேண்டிய இடைவெளி இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

அந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஒரு நோயாளிக்கு வழக்கமாகச் செலுத்தும் எஃப்.டி.ஜி. 370 மெகாபெக்கரல் அளவு என்று வைத்துக்கொள்வோம். கவசம் எதுவும் இல்லாத பிளாஸ்டிக் சிரிஞ்சை விரலால் தொட்டுப் பிடித்தால், தொடும் இடத்தில் தோலுக்குக் கிடைக்கும் டோஸ் மணிக்குச் சுமார் 1,000 மில்லிசீவர்ட். நிமிடத்துக்கு ஏறத்தாழ 17. தோலுக்கும் கைகளுக்கும் ஆண்டு முழுவதற்கும் சட்டம் அனுமதிக்கும் அளவு 500 மில்லிசீவர்ட்தான். அதாவது கவசமில்லாத சிரிஞ்சை ஓர் ஆண்டில் மொத்தமாக அரை மணி நேரம் பிடித்திருந்தாலே வரம்பு தீர்ந்துவிடும். ஆண்டில் ஆயிரம் நோயாளிகள் என்றால், ஒருவருக்கு இரண்டு விநாடிக்குக் கொஞ்சம் குறைவான தொடுதல் போதும்.

அதே சிரிஞ்சிலிருந்து அரை மீட்டர் தள்ளியிருக்கும் நெஞ்சில் விழுவது இதில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே. தொலைவு இரட்டித்தால் கதிர்வீச்சு நான்கில் ஒன்றாகக் குறையும் என்ற விதி இங்கே ஊழியருக்குச் சாதகமாகவும் பாதகமாகவும் ஒரே நேரத்தில் வேலை செய்கிறது. உடலைக் காக்கும் அந்த விதியே, சில மில்லிமீட்டர் தொலைவிலிருக்கும் விரல் நுனியை வதைக்கிறது. தோசைக்கல்லைத் தொட்ட விரலின் சூட்டை அடுக்களைச் சுவரில் மாட்டிய வெப்பமானியில் படிக்க முடியாது. நெஞ்சு பேட்ஜை வைத்து விரலைப் பற்றி முடிவு சொல்வதும் அப்படித்தான்.

இதை ஊகமாக விடாமல் அளந்து பார்த்தவர்கள் ஐரோப்பிய ஆய்வாளர்கள். 2008 முதல் 2011 வரை ஐரோப்பிய ஆணையத்தின் நிதியில் நடந்த ஓராமெட் என்ற கூட்டுத் திட்டம், மருத்துவ ஊழியர்களின் கதிர்வீச்சுப் பாதுகாப்பையே பொருளாகக் கொண்டது. அதன் ஒரு பகுதி முழுக்க அணு மருத்துவ ஊழியர்களின் கைகளுக்கு ஒதுக்கப்பட்டது. பல நாட்டு மருத்துவமனைகளில் நூற்றுக்கும் மேற்பட்ட ஊழியர்களின் கையுறைகளில், விரல் நுனி, விரலடி, மணிக்கட்டு என்று இரு கைகளிலும் பல இடங்களில் சின்னஞ்சிறு உணரிகளைப் பதித்து, அவர்கள் மருந்தைத் தயாரிக்கும்போதும் நோயாளிக்குச் செலுத்தும்போதும் தனித்தனியாக அளந்தார்கள்.

முடிவுகள் சங்கடமானவை. அளந்த டோஸை ஆண்டு வேலைப்பளுவுக்கு விரித்துக் கணக்கிட்டபோது, ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் 500 மில்லிசீவர்ட் வரம்பைத் தாண்டக்கூடும் என்று தெரிந்தது. கதிர்வீச்சுச் சட்டங்கள் கறாராக நடைமுறையில் உள்ள நாடுகளின் நிலை இது. மிக அதிகமாகக் கதிர்வீச்சு விழுந்த இடம் பெரும்பாலானோருக்குப் பழகாத கையின் ஆள்காட்டி விரல் நுனி. வலக்கைக்காரருக்கு இடக்கை. முதலில் இது விசித்திரமாகத் தோன்றும். வேலை செய்வது வலக்கைதானே? ஆனால் சிரிஞ்சின் உடற்பகுதியையோ குப்பியையோ அசையாமல் பிடித்திருப்பது இடக்கை; தண்டை இழுப்பதும் தள்ளுவதும் வலக்கை. மருந்து இருப்பது உடற்பகுதியில். அசையாமல் பிடித்துக்கொடுக்கும் கைதான் அதிகம் வாங்குகிறது.

இந்த ஒரு செய்தி நடைமுறையில் எவ்வளவு முக்கியம் என்பதற்கு மோதிர டோசிமீட்டரே சாட்சி. விரலில் அணியும் இந்தச் சிறு கருவியைச் சில மருத்துவமனைகள் வாங்கித் தருகின்றன. ஊழியர் அதை வழக்கமான மோதிரம் போல மோதிர விரலில், வசதிப்பட்ட கையில், உணரி வெளியே தெரியும்படி அணிந்துகொள்கிறார். அளக்க வேண்டிய இடம் அதுவல்ல. பழகாத கையின் ஆள்காட்டி விரலடியில், உணரி உள்ளங்கையைப் பார்த்தபடி இருக்க வேண்டும் என்பது ஓராமெட்டின் பரிந்துரை. அப்படிச் சரியாக அணிந்தாலும் அது காட்டுவது விரலடியின் டோஸ்தான். கையில் மிக அதிகமாக வாங்கும் இடத்தின் டோஸை மதிப்பிட அதை ஆறால் பெருக்க வேண்டும் என்றும் அவர்கள் சொன்னார்கள். மோதிரம் ஆண்டுக்கு 100 மில்லிசீவர்ட் காட்டினால் பாதுகாப்பாக இருக்கிறோம் என்று நினைத்துவிடக் கூடாது. விரல் நுனி 600ஐத் தொட்டிருக்கலாம்.

அதே ஆய்விலிருந்து இன்னும் இரண்டு முடிவுகளை இங்கே வலியுறுத்த விரும்புகிறேன். வேகமாகச் செய்வது போதுமான பாதுகாப்பு அல்ல. கவசமும் தொலைவும் அதைவிட அதிகம் பயன் தருகின்றன என்பது ஒன்று. நம் ஊர்த் துறைகளில் புதிதாகச் சேர்பவருக்கு மூத்தவர் முதலில் சொல்லித்தருவது ‘சீக்கிரம் முடி’ என்பதைத்தான். சிரிஞ்சுக் கவசத்தை மாட்டினால் கை கனக்கிறது, அளவுக்கோடு சரியாகத் தெரிவதில்லை, நரம்பில் இரத்தம் திரும்பி வருகிறதா என்று பார்க்க முடிவதில்லை. அதனால் கழற்றிவிட்டு மின்னல் வேகத்தில் போட்டுவிடலாம் என்பது அனுபவசாலிகளின் வாதம். அளந்து பார்த்தால் அது எடுபடவில்லை. ஃபுளோரின்-18க்கு 5 மில்லிமீட்டர், டெக்னீஷியம்-99எம்முக்கு 2 மில்லிமீட்டர் டங்ஸ்டன் கவசம் தரும் பலனைக் கைவேகம் ஈடுகட்டுவதில்லை. மற்றொன்று, எத்தனை ஆண்டு அனுபவம் என்பதைவிட எப்படிப்பட்ட பயிற்சி என்பதுதான் விரல் டோஸைத் தீர்மானிக்கிறது. இருபது ஆண்டு தவறாகவே செய்து பழகிய கை, இருபது ஆண்டும் கூடுதலாகவே வாங்கியிருக்கும்.

கைகள் முதலில் பலியாவது கதிர்வீச்சின் வரலாற்றில் புதிதல்ல. 1895இல் எக்ஸ்கதிர் கண்டறியப்பட்ட கையோடு, குழாய் சரியாக இயங்குகிறதா என்று பார்க்கத் தங்கள் கையையே குறுக்கே நீட்டிப் பார்த்தார்கள் அன்றைய ஊழியர்கள். எடிசனிடம் வேலை பார்த்த கிளாரன்ஸ் டேலி அப்படிப் பார்த்தவர்களில் ஒருவர். கைகளில் புண் வந்து, அது புற்றாகி, ஒன்றன்பின் ஒன்றாக வெட்டி எடுத்தும் பயனில்லாமல் 1904இல் இறந்தார். எடிசன் எக்ஸ்கதிர் ஆய்வையே கைவிட்டார். ஹாம்பர்கில், செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனை வளாகத்தில், கதிர்வீச்சால் உயிரிழந்த மருத்துவர்கள், இயற்பியலாளர்கள், செவிலியர்கள், உதவியாளர்களுக்கு 1936இல் ஒரு நினைவுத்தூண் எழுப்பப்பட்டது. தொடக்கத்திலேயே அதில் 169 பெயர்கள் இருந்தன, பின்னர் அவை இருமடங்குக்கும் மேலாகப் பெருகின. இன்றைய அணு மருத்துவ ஊழியர் அந்த நிலையில் இல்லை. அந்தக் கால அளவுகளோடு ஒப்பிட்டால் இன்றைய டோஸ் மிகச் சொற்பம். ஆனாலும் கண்ணுக்குத் தெரியாத, சுடாத, வலிக்காத ஒன்றைக் கையால் பிடித்து வேலை செய்கிறோம் என்ற அடிப்படை மாறவில்லை. தோல் தாங்கும்வரை எச்சரிக்கை எதுவும் வராது.

ஆபத்து எவ்வளவு என்பதையும் மிகைப்படுத்தாமல் சொல்லிவிட வேண்டும். தோலுக்கான 500 மில்லிசீவர்ட் வரம்பு, வாழ்நாள் முழுக்க அந்த வேலையில் இருப்பவருக்குக்கூடத் தோல் சிதையும் அளவுக்குச் சேராமல் இருக்க வகுக்கப்பட்டது. ஓர் ஆண்டு அதைத் தாண்டிவிட்டால் மறுநாள் விரல் புண்ணாகிவிடாது. ஆண்டுதோறும் பலமடங்கு தாண்டிக்கொண்டே போனால்தான் நகம் உடைவதும் தோல் உலர்ந்து மெலிவதும் போன்ற மாற்றங்களுக்கு வழி பிறக்கும். உடல் முழுதும் வாங்கும் டோஸைப் பொறுத்தவரை, அணு மருத்துவ டெக்னாலஜிஸ்ட் ஆண்டுக்குச் சில மில்லிசீவர்ட் வாங்குகிறார். பெட் பிரிவில் இருப்பவர் கொஞ்சம் கூடுதல். ஆண்டுக்கு 5 வீதம் 30 ஆண்டுகள் என்றால் 150 மில்லிசீவர்ட். பன்னாட்டுக் கதிரியல் பாதுகாப்பு ஆணையம் வேலை செய்யும் வயதினருக்குப் பயன்படுத்தும் ஆபத்துக் கெழுவின்படி, இது புற்றுநோய் முதலிய பாதிப்பின் வாய்ப்பை ஏறத்தாழ 0.6 விழுக்காடு கூட்டும். யாரும் வேலையை விட்டு ஓட வேண்டிய எண் அல்ல. அதற்காகப் பூச்சியம் என்று ஒதுக்கவும் முடியாது. பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்க அணுசக்தித் தொழிலாளர்கள் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்த இன்வொர்க்ஸ் ஆய்வின் 2023ஆம் ஆண்டு முடிவுகள், சிறுகச் சிறுகச் சேரும் குறைந்த டோஸும் புற்றுநோய் இறப்பு வாய்ப்பைக் கூட்டுகிறது என்பதற்கு வலுச்சேர்த்தன. ‘இந்த அளவெல்லாம் ஒன்றும் செய்யாது’ என்று இளைய ஊழியரிடம் அலட்சியமாகச் சொல்லும் உரிமை இனி யாருக்கும் இல்லை.

உடல் டோஸின் பெரும்பகுதி எங்கிருந்து வருகிறது? நோயாளியிடமிருந்து. இதை வெளியிலிருப்பவர்கள் எளிதில் உணர்வதில்லை. எக்ஸ்ரே அறையில் இயந்திரத்தை அணைத்தால் கதிர்வீச்சு நின்றுவிடும். அணு மருத்துவத்தில் மருந்து உள்ளே போனதும் நோயாளியே கதிர்வீச்சின் மூலம். 370 மெகாபெக்கரல் எஃப்.டி.ஜி. செலுத்திய உடனே அவரிடமிருந்து ஒரு மீட்டர் தொலைவில் மணிக்கு 30 மைக்ரோசீவர்டுக்கும் மேல் இருக்கும். கைத்தாங்கலாக அழைத்துச் சென்றால் தொலைவு ஒரு மீட்டர் அல்ல, ஒரு முழம்.

இங்கே ஈய ஏப்ரன் பற்றிய ஒரு நம்பிக்கையையும் சரிசெய்ய வேண்டும். எலும்பு ஸ்கேனுக்கும் இதய ஸ்கேனுக்கும் பயன்படும் டெக்னீஷியம்-99எம் வெளியிடும் காமாக் கதிரின் ஆற்றல் 140 கிலோ எலக்ட்ரான் வோல்ட். அரை மில்லிமீட்டர் ஈயத்துக்குச் சமமான ஏப்ரன் அதில் ஏறத்தாழ முக்கால் பங்கைத் தடுத்துவிடும். ஃபுளோரின்-18இலிருந்து வருவது 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட். அதே ஏப்ரன் அதில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தடுக்காது. பெட் பிரிவில் ஏப்ரனைச் சுமந்துகொண்டு மெதுவாக நடப்பதைவிட, அதைக் கழற்றிவைத்துவிட்டுத் தள்ளி நிற்பதே மேல். பழைய காமா கேமராப் பிரிவில் பத்தாண்டு வேலை பார்த்து, அங்கே சரியாக இருந்த பழக்கங்களோடு பெட் பிரிவுக்கு வருபவர்கள் முதலில் மறக்க வேண்டியது ஏப்ரன் தரும் தெம்பை.

அப்படியானால் பாதுகாப்பு என்பது தள்ளி நிற்பதா? கதிரியல் பாதுகாப்பின் பாடநூல் விடை ஆம் என்பதே. ஆனால் ஸ்கேன் மேசையிலிருந்து எழ முடியாமல் தடுமாறும் எண்பது வயது மூதாட்டி ‘தம்பி, கையைக் கொஞ்சம் பிடிப்பா’ என்று கேட்கும்போது எந்த டெக்னாலஜிஸ்டும் ஒரு மீட்டர் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருப்பதில்லை, இருக்கவும் கூடாது. புற்றுநோய் எலும்புக்குப் பரவி, படுத்தால் வலி, எழுந்தால் வலி என்று வருபவர்கள் இந்தத் துறையின் நோயாளிகளில் பலர். ஆகவே, நெருங்கும் நேரத்தை நோயாளிக்குக் குறை வைக்காமல் எப்படி முன்கூட்டியே திட்டமிடுவது என்பதுதான் உண்மையான கேள்வி. நல்ல துறைகளில் இதற்கு ஒரு எளிய ஒழுங்கு உண்டு. பேச வேண்டியது எல்லாவற்றையும் மருந்து ஏற்றுவதற்கு முன்பே பேசி முடித்துவிடுவார்கள். என்ன நடக்கும், எவ்வளவு நேரம் படுத்திருக்க வேண்டும், கழிப்பறை எங்கே, உடன் வந்தவர் எங்கே உட்கார வேண்டும், சர்க்கரை மாத்திரை எப்போது போட்டீர்கள் என்ற கேள்வி வரை எல்லாம். நரம்பில் மருந்து ஏற்றும் குழாயான வென்ஃப்ளானையும் முன்பே குத்தி, நரம்பு சரியாக இருக்கிறதா என்று உப்பு நீர் செலுத்திப் பார்த்துவிடுவார்கள். பிறகு ஊசி போடுவது சில விநாடி வேலை. நடக்க முடியாதவருக்குச் சக்கர நாற்காலி தயாராக இருக்கும். இதற்கெல்லாம் விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. தேவைப்படுவது ஆள், இன்னும் ஒரு ஆள். ஒரே டெக்னாலஜிஸ்ட் மருந்து பிரித்து, ஊசி போட்டு, ஸ்கேனும் எடுக்கும் துறையில் எந்த ஒழுங்கும் மதியத்துக்கு மேல் தாங்காது.

ஒரு நோயாளியிடமிருந்து ஊழியர் வாங்குவது 4 மைக்ரோசீவர்ட் என்று வைத்தால் ஆயிரம் நோயாளிக்கு 4 மில்லிசீவர்ட். அதே ஆயிரம் பேரை இரண்டு ஊழியர்கள் பங்கிட்டால் ஆளுக்கு இரண்டு. கதிர்வீச்சுப் பாதுகாப்பு என்று நாம் பேசுவதில் பெரும்பகுதி, கடைசியில், எத்தனை பேரை வேலைக்கு வைத்தோம் என்ற கணக்கில்தான் வந்து முடிகிறது.

இந்தியாவில் இதற்கான சட்டக் கட்டமைப்பு நன்றாகவே இருக்கிறது. 1963இல் மும்பை பரேலில் தொடங்கிய கதிர்வீச்சு மருத்துவ மையம் இந்தத் துறைக்கு அடித்தளமிட்டது. 2002இல் நாட்டின் முதல் மருத்துவ சைக்ளோட்ரானும் பெட் ஸ்கேனும் அங்கேதான் வந்தன. 1983இல் அமைந்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் உரிமம் தருகிறது, ஆய்வு செய்கிறது. உடல் முழுமைக்கும் ஐந்தாண்டு சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30ஐத் தாண்டக் கூடாது என்பது வாரியத்தின் வரம்பு. பன்னாட்டு ஆணையம் ஓராண்டு உச்சமாக 50 வரை அனுமதிப்பதோடு ஒப்பிட்டால் இது கூடுதல் கண்டிப்பு. ஒவ்வொரு துறைக்கும் கதிரியல் பாதுகாப்பு அலுவலர் கட்டாயம். நாடு முழுவதுமுள்ள கதிர்வீச்சுத் தொழிலாளர்களின் டோஸ் விவரங்களை பாபா அணு ஆராய்ச்சி மையம் ஒரே பதிவேட்டில் பராமரிக்கிறது. ஊழியர் மருத்துவமனை மாறினாலும் அவர் கணக்கு அவரோடு வரும்.

பேட்ஜும் உள்நாட்டுத் தயாரிப்பே. டிஸ்ப்ரோசியம் கலந்த கால்சியம் சல்ஃபேட்டைக் கொண்ட மூன்று வில்லைகள். ஒன்றின்மேல் உலோகத் தடுப்பு, ஒன்றின்மேல் பிளாஸ்டிக், ஒன்று திறந்தபடி. கதிர்வீச்சு பட்ட வில்லையைச் சூடாக்கினால் ஒளி விடும். ஒளியின் அளவிலிருந்து டோஸ் கிடைக்கும். மூன்றையும் ஒப்பிட்டு என்ன வகைக் கதிர் என்பதையும் ஊகிக்கலாம். மலிவானது, நம்பகமானது, வெயிலையும் வியர்வையையும் தாங்குவது. குறை கருவியில் இல்லை. மூன்று மாதம் கழித்து வரும் எண், எந்த நாள் எந்த வேலையில் அதிகம் வாங்கினோம் என்று சொல்லாது. அதற்குள் அந்தப் பழக்கம் ஊறிப்போயிருக்கும். அதனால்தான் அன்றன்றைக்கே காட்டும் பாக்கெட் டோசிமீட்டரை, குறைந்தது புதியவர்களுக்கும் புதிய மருந்து அறிமுகமாகும் நாட்களுக்குமாவது, கட்டாயம் தர வேண்டும் என்கிறேன்.

பேட்ஜை அணிவதிலும் மனித மனம் குறுக்கே வருகிறது. அதிக எண் வந்தால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். அந்தப் பயத்தில் பேட்ஜை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. மறதியில் ஹாட் லேபிலேயே விட்டுவிட்டுப் போய், ஆளில்லாமலே பேட்ஜ் டோஸ் வாங்கிக்கொள்வதும் உண்டு. முதல் தவறு பதிவேட்டில் நல்ல எண்ணாகத் தெரியும், இரண்டாவது கெட்ட எண்ணாக. இரண்டுக்கும் ஊழியரை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. எண் கூடினால் தண்டனை என்று நினைக்கும் சூழலில் யாரும் உண்மையான எண்ணைத் தர மாட்டார்கள். கூடுதல் எண் வந்தவரை உட்காரவைத்து, ‘எந்த வேலையில் வந்திருக்கும், சேர்ந்து பார்ப்போம்’ என்று கேட்கும் அலுவலர் இருக்கும் துறையில்தான் பேட்ஜ் நெஞ்சிலேயே இருக்கும்.

பேட்ஜே இல்லாதவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தைராய்டு புற்றுக்கு அயோடின்-131 கொடுத்து நோயாளியைத் தனியறையில் வைத்திருக்கிறார்கள். இந்தியாவில் 1,110 மெகாபெக்கரலுக்கு மேல் கொடுத்தால் தனியறை கட்டாயம். கழிவுநீர் தனித் தொட்டியில் பல வாரம் தேங்கி, கதிரியக்கம் தணிந்த பிறகே வெளியேறும். அந்த அறையின் தலையணை உறையை எடுப்பவர் யார்? கழிப்பறையைக் கழுவுபவர் யார்? சாப்பாட்டுத் தட்டை வாங்கிப்போவது யார்? அயோடின் எட்டு நாள் அரைவாழ்வு கொண்டது. வியர்வையிலும் எச்சிலிலும் சிறுநீரிலும் வெளியேறுவது. உடலுக்குள் புகுந்தால் நேரே தைராய்டுக்குப் போவது. ஒழுங்காக நடக்கும் துறைகளில் அறையை அளந்து பார்த்து, துணியைத் தனியே பூட்டி வைத்து, பிறகே துப்புரவுப் பணியாளரை உள்ளே விடுகிறார்கள். ஆனால் ஒப்பந்தத்தில் வரும் துப்புரவுப் பணியாளர்கள் அடிக்கடி மாறுகிறார்கள். நேற்று சொல்லிக்கொடுத்தவர் இன்று வேறு வார்டில் இருப்பார். இன்று வந்தவருக்குக் கதவில் ஒட்டிய மூவிதழ்ச் சின்னம் எதைக் குறிக்கிறது என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இந்த அறைகளுக்கென்று குறிப்பிட்ட பணியாளர்களை நிரந்தரமாக ஒதுக்கி, அவர்கள் மொழியில் பயிற்சி தந்து, பேட்ஜும் தர வேண்டும். டெக்னாலஜிஸ்டுக்குச் சங்கம் இருக்கிறது, பட்டயப் படிப்பு இருக்கிறது. இவர்களுக்காகப் பேச ஆளில்லை.

கருவுற்ற ஊழியர் விஷயத்தில் விதி தெளிவு. அவர் தெரிவித்த நாளிலிருந்து, கருவுக்கு எஞ்சிய காலம் முழுவதும் 1 மில்லிசீவர்டுக்கு மேல் சேரக் கூடாது. பொதுமக்களுக்கு ஓர் ஆண்டுக்கான வரம்பும் அதே. சிக்கல், தெரிவிப்பதில் இருக்கிறது. தெரிவித்தால் வேறு பிரிவுக்கு மாற்றுவார்களா, வேலையே போய்விடுமா, சம்பளத்தில் கைவைப்பார்களா என்ற அச்சத்தில் சில வாரங்கள் சொல்லாமலே வேலை பார்க்கும் பெண்களை நினைத்துப் பாருங்கள். கரு மிக நொய்மையாக இருக்கும் வாரங்கள் அவை. எந்த மருத்துவமனையும் வேலைக்குச் சேரும் அன்றே எழுத்தில் தர வேண்டிய உறுதி ஒன்று உண்டென்றால் அது இதுதான்: தெரிவித்ததற்காக ஊதியமோ பணியோ பறிபோகாது.

கண் வில்லையின் கதை சுருக்கமானது. பழைய வரம்பு ஆண்டுக்கு 150 மில்லிசீவர்ட். கண்புரை தொடங்கும் டோஸ் முன்பு நினைத்ததைவிடக் குறைவு, சுமார் அரை கிரே, என்று தெரிந்தபின் 2011இல் பன்னாட்டு ஆணையம் அதை ஐந்தாண்டு சராசரியாக 20ஆகக் குறைத்தது. எல்-பென்சின் ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று வேலை செய்தால் அணு மருத்துவ ஊழியருக்கு இது பெரிய தொல்லை இல்லை. கண்ணாடிக்கு மேலே எட்டிப் பார்த்து அளவுக்கோட்டைப் படிக்கும் பழக்கம்தான் தொல்லை.

மாசு படிதலைத்தான் நான் அதைவிட அதிகம் அஞ்சுகிறேன். சிரிஞ்சின் முனையிலிருந்து தெறித்த, கண்ணுக்கே தெரியாத ஒரு துளி. அதில் ஒரு மெகாபெக்கரல் ஃபுளோரின்-18 இருந்து, தோலில் ஒரு சதுர சென்டிமீட்டரில் படிந்தால், அந்த இடத்துக்கு மணிக்கு 2,000 மில்லிசீவர்ட் அளவில் டோஸ் சேரும். ஒரு நோயாளிக்கான மருந்தில் அது முந்நூற்று எழுபதில் ஒரு பங்குதான். கையுறை கிழிந்திருந்தாலோ, மாசுபட்ட கையுறையோடு மணிக்கட்டைச் சொறிந்தாலோ போதும். நெஞ்சு பேட்ஜ் இதை அறியவே அறியாது. மோதிரமும் துளி அதன்மேலேயே விழுந்தாலொழிய அறியாது. இரட்டைக் கையுறை, அடிக்கடி மாற்றுவது, வேலை முடிந்ததும் கையைச் சர்வே மீட்டரில் காட்டிவிட்டு வெளியே வருவது என்ற மூன்றையும் தவிர வேறு வழி இல்லை. மூன்றாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், மீட்டர் அடுத்த அறையில் இருப்பதால். அதைக் கை கழுவும் தொட்டிக்கு மேலே சுவரில் மாட்டிவையுங்கள்.

இனி வரும் ஆண்டுகளில் இந்தக் கவலைகள் கூடும். அணு மருத்துவம் படம் எடுப்பதிலிருந்து சிகிச்சைக்கு நகர்ந்துகொண்டிருக்கிறது. நரம்புநாளமில்லாச் சுரப்பிக் கட்டிகளுக்கு லுட்டீசியம்-177 மருந்தை 2018இலும், புராஸ்டேட் புற்றுக்கு அதே ஐசோடோப்பில் மற்றொரு மருந்தை 2022இலும் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஏற்றது. இந்திய மருத்துவமனைகளிலும் இந்தச் சிகிச்சைகள் நடக்கின்றன. யிட்ரியம்-90 போன்ற வலுவான பீட்டா ஐசோடோப்பைக் கவசமின்றித் தொட்டால் விரலுக்குச் சேரும் டோஸ், அதே மெகாபெக்கரல் ஃபுளோரின்-18ஐவிடப் பத்து மடங்குக்கும் மேல். பெட் படங்களுக்கே இப்போது பரவலாகும் காலியம்-68இன் பாசிட்ரான்கள் ஃபுளோரினுடையதைவிட ஆற்றல் மிக்கவை. சிரிஞ்சின் பிளாஸ்டிக் சுவரைத் தாண்டி வந்து தோலைத் தொடுபவை. பழைய மருந்துக்கு அளந்த விரல் டோஸ் புதியதற்குப் பொருந்தாது. புதிய ஐசோடோப் துறைக்குள் நுழையும் முதல் இரண்டு வாரம், அதைக் கையாளும் ஒவ்வொருவரின் இரு கைகளிலும் விரல் நுனி உணரிகளைப் பதித்து அளந்து, யாருக்கு எந்தக் கட்டத்தில் அதிகம் விழுகிறது என்று அவரிடமே காட்ட வேண்டும். இதை உரிமத்தின் நிபந்தனையாகவே ஆக்கலாம்.

ஆக்டினியம்-225 இன்னும் ஒரு படி தள்ளி நிற்கிறது. அது உமிழும் ஆல்ஃபாத் துகள்கள் கையுறையைக்கூடத் தாண்டாதவை. ஆகவே அவற்றை நெஞ்சு பேட்ஜும் காணாது, மோதிரமும் காணாது. ஆபத்து அதை மூச்சிலோ வாயிலோ உள்ளே கொண்டுபோவதில்தான். அத்தகைய மருந்தைக் கையாளும் துறைகளில் ஊழியர்களின் சிறுநீர் மாதிரியைக் குறித்த இடைவெளியில் சோதிப்பதும், ஆல்ஃபாவை உணரும் மீட்டரை வாங்கி வைப்பதும், முதல் குப்பி வந்திறங்குவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டிய வேலைகள்.